எண்பது ரோலுக்கு இருபத்தேழு குதிரை

அன்று மங்கலம் ரோட்டு மேட்டின் அடியில் அப்பா இருந்தார். அவரோடு லாரியில் பாதிப் பங்கு வைத்திருந்த தாய்மாமா இருந்தார். லேப்டாப்பை மாட்டியே இன்ஜின் சக்தியைக் கூட்டித்தருவதாகச் சொல்லிக் கோயமுத்தூரிலிருந்து வந்த டியூனிங்காரர் இருந்தார். குடும்பத்தின் முதல் இன்ஜினியர் என்ற முறையில் சாட்சிக்கு நானும் இருந்தேன். எங்கள் மெக்கானிக்கை மட்டும் கூப்பிடவில்லை. வந்தால் மறுபடியும் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பார்.

வண்டி மேடேறத் திணறியதற்கு அவர் சொன்ன காரணம் அதுதான். கிளட்ச் மாற்ற எடுத்துவைத்த நாற்பதாயிரத்தைத்தான் டியூனிங்காரருக்குக் கொடுக்கவிருந்தோம். இருந்தது ஒரே லாரி. அது நின்றால் இரண்டு வீட்டிலும் வருமானம் நின்றுவிடும். ஆகவே மாமா கறாராக ஒரு நிபந்தனை போட்டார்: இருபது குதிரைத்திறனாவது கூடினால்தான் பணம்.

அளப்பதற்கு டியூனிங்காரரின் போனில் ஓர் ஆப் இருந்தது. வண்டியின் எடையைப் போட்டு மேடேறினால், ஏறும் வேகத்தை வைத்து அது குதிரைத்திறனைச் சொல்லும்.

"லோடோட எடை எவ்வளவுங்ண்ணா?"

"எண்பது ரோலு," என்றார் மாமா.

டியூனிங்காரர் ஒரு தோராயத்தில் ஆறு டன் என்று அழுத்தினார். நூற்றுப்பத்து வந்தது.

லோடு ஏற்றிய சாயப்பட்டறையில் துணி உலர்த்தும் டிரையர் பழுது. அதனால் அந்த எண்பது ரோலும் சொட்டச் சொட்ட ஈரமாக வேறொரு பட்டறைக்கு உலரப் போய்க்கொண்டிருந்தன. துணி அங்கே காய்வதற்குள் டியூனிங் முடிந்தது. சாயங்காலம் காய்ந்த அதே ரோல்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். திரும்பும் வழியில் அந்த மேடு இறக்கமாகிவிடும் என்பதால், வண்டியைத் திருப்பி மறுபடி அடியிலிருந்தே ஏற்றினார்கள். விஞ்ஞானத்தில் அவ்வளவு நேர்மை! மீண்டும் ஆறு டன். நூற்று முப்பத்தேழு.

"இருபத்தேழு குதிரைங்க மாப்ள!" என்று மாமா அப்பாவின் முதுகில் தட்டினார்.

"மாமா, காலைல துணி ஈரமுங்க. இப்பக் காஞ்சிருச்சு. எடை கொறஞ்சதுனால வேகமா ஏறுதுங்க. ஒருக்கா வேபிரிட்ஜ்ல ஏத்தி எடை பாத்துரலாமுங்க," என்றேன்.

"ரோலு எத்தன கண்ணு?"

"எண்பதுங்க."

"காலைல?"

"எண்பதுங்க. ஆனா..."

"அப்பறம் என்ன ஆனா? ஈரத் துணிக்குன்னு எவனாவது நமக்கு வாடகை சேத்திக் குடுத்திருக்கானா?"

எங்கள் தொழிலில் வாடகை ரோலுக்குத்தான். நனைந்தாலும் காய்ந்தாலும் எண்பது எண்பதுதான். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நாலு வருசம் காலேசுக்கு அனுப்புனேன். துணி காஞ்சுதா காயலையான்னு சொல்றானுங்க," என்றார் அப்பா டியூனிங்காரரிடம்.

"தம்பி தியரி பேசறாருங்ண்ணா. ரோட்டுல பிராக்டிகல்தானுங்க," என்று அவர் பணத்தை எண்ணாமலே பையில் வைத்தார்.

இருபத்தேழு குதிரைகளைச் சும்மா கட்டிப்போடலாமா? அடுத்த வாரமே மாமா நூற்றுப்பத்து ரோல் ஏற்றச் சொன்னார். அத்தனையும் ஈரம். பாதி மேட்டில் இன்ஜின் உறுமியது, சக்கரம் உருளவில்லை. அடியிலிருந்து கிளட்ச் கருகிய வாடையோடு புகை வந்தது. பின்னால் நின்ற பஸ்காரர் விட்ட வசவை மாமா டிரைவர் சீட்டில் இருந்த அப்பாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

துணி நேரத்துக்குப் போய்ச் சேராமல் கறை விழுந்தது. சாயப்பட்டறை வாடகையில் பிடித்தது, இழுவை வண்டி, கிளட்ச் செட், அதோடு சேர்ந்து போன ஃப்ளைவீல், குதிரைகளுக்குக் கொடுத்த நாற்பதாயிரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.