மச்சான் தலையில் விழுந்தது எந்தப் பல்லி

முடிச்சூரிலிருந்து குன்றத்தூருக்கு என் காரில் பெண் பார்க்கப் போனோம். என் மச்சானுக்கு. வயது முப்பத்தெட்டு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. கூட என் மனைவியும் மாமியாரும்.

வழியில் புளியமரத்தடிக் கடையில் டீக்கு நிறுத்தினேன். மரத்திலிருந்து ஒரு பல்லி, பட்டைத் தூளோடு, மச்சான் தலையில் விழுந்தது. துள்ளி மறுபடி மரத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமியார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வண்டிய திருப்புங்க மாப்ள. தலையில பல்லி வுழுந்தா சாவுன்னு பஞ்சாங்கத்துல போட்டுக்கீது."

மச்சான் முகம் செத்துவிட்டது. பலன் உடனே வேலை செய்தது.

எனக்குப் பல்லி கொஞ்சம் தெரியும். பல்லிகளை ஆராய்கிற ஒரு மேடத்துக்கு நாலு நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன். வண்டலூர் பக்கம் ஒரு பாறை, ஒரு மரம் விடவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதுகைப் பாருங்க என்பார். மணி மணியாக இருந்தால் வீட்டுப் பல்லி. வழவழவென்று மரப்பட்டை நிறத்தில் இருந்தால் அது மரத்துப் பல்லி.

"அத்த, இது வூட்டுப் பல்லி இல்ல. மரத்துப் பல்லி. வேற ஜாதி. பஞ்சாங்கத்துல போட்டது வூட்டுப் பல்லிக்கு."

"பல்லில இன்னா ஜாதி?"

"பொண்ணுக்கு மட்டும் பாத்தியேம்மா" என்றாள் என் மனைவி.

நிரூபிக்கலாம் என்று எட்டிப் பிடித்தேன். வால் கையோடு வந்தது. பல்லி போய்விட்டது. முதுகை நான் பார்க்கவே இல்லை. வழவழப்புதான் என்று சொல்லிவிட்டேன்.

"வால வச்சிகினு ஜோசியம் சொல்றீங்களா?" என்றார் மாமியார். வால் துடித்துக்கொண்டிருந்தது.

மச்சான் எழுந்தான். "சாவுன்னா சாவறேம்மா. பொண்ண பாத்துட்டு சாவறேன். வண்டிய எடு மாமா."

பெண் வீட்டில் காப்பி வந்தது. பெண் அவனையே பார்த்தது.

"தலையில இன்னாங்க, மரத்தூளா?"

மாமியார் இருமினார். பிரயோஜனமில்லை. மச்சான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், வால் வரைக்கும்.

"சாவுன்னு சொல்லியுமா வந்தீங்க?"

"லீவு போட்டுட்டேங்க."

பெண் சிரித்துவிட்டது. சம்மதம் என்று அங்கேயே சொல்லிவிட்டது.

திரும்பும்போது மாமியார் அவனை முன் சீட்டில் உட்கார விடவில்லை. பெல்ட் போடச் சொன்னார். பின் சீட்டிலும்.