ஞாயிற்றுக்கிழமை பார்த்த பாதை

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில், தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு சேர்ந்துகொண்டே இருக்கும். வினாகிரி ஊற்றிக் கொதிக்க வைத்து அதைக் கழுவுவது என் வேலை. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வருவது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையில் நான் கண்டுபிடித்த முதல் உறவு இது என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப கேத்திலைக் காட்டியே விசா எடுத்திருக்கலாம்," என்றாள்.

நான் கல்லைப் பற்றி வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓடுபவன். எந்த மாதம் எந்தப் பாதையில் போனேன், ஓரத்தில் என்ன பூத்திருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றெல்லாம் நாள் போட்டு எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. அப்படி எழுதி வைத்தவற்றுள் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஓட்டம் ஒன்றுதான், அதை ஓடியவள் என் மனைவி. சென்ற ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள டார்பிஷயரின் சுண்ணாம்புக் கல் மலைகளில், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பல வருடங்கள் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தாள். முன்னால் கூடை வைத்த, சில கியர்கள் மட்டுமுள்ள சாதாரண சைக்கிள். மழைக்கோ குளிருக்கோ அவள் பஸ்ஸை நாடியதில்லை. அந்த மே மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு, இலையுதிர் காலத்துக் காலை ஒன்றில், பக்கத்து டூட்டிங்கின் பெரிய தெருவில் ஒரு லொறி அவளைத் தாண்டும்போது ஹாண்டிலை உரசிக்கொண்டு போனது. விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். லொறி நிற்கவில்லை, உரசியது அதன் சாரதிக்குத் தெரிந்துமிருக்காது. அவள் எழுந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போய், ஷிப்டை முடித்து, அதே சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பின்வளவுக் கொட்டிலில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாளிலிருந்து பஸ். எப்போதும் மேல்தட்டு, முன் கண்ணாடியோடு ஒட்டிய இருக்கை.

நாங்கள் மரக்கறி வாங்கும் டூட்டிங் கடைக்காரருக்கு எல்லார் வீட்டு விஷயமும் தெரியும். ஒரு சனிக்கிழமை அவர் தொடங்கினார்.

"அண்ணை, ஞாயிறு வந்தா நீங்கள் மலையில, அக்கா பஸ்ஸில. ரெண்டு பேருக்கும் சண்டையோ?"

"சண்டை இல்லை, லொறி," என்றேன்.

"லொறிக்குப் பயந்தா லண்டனில சீவிக்க ஏலுமோ அண்ணை?"

முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "தம்பி, நீர் கடைக்குள்ள நிண்டுகொண்டு வீரம் கதைக்கிறீர். வெளியில நிக்கிற உம்மட சாமான் ஏத்துற வானைத் திருப்பவே உமக்கு ரெண்டு பேர் கை காட்டோணும்."

கடைக்காரர் எங்களுக்கு ஒரு கட்டு கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் கேட்டேன். "லொறியே வராத பாதை ஒண்டு காட்டினா ஓடுவீரோ?"

அவள் மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஓடுவன். ஆனா ஒரு லொறி வந்தாலும் இறங்கிடுவன். பிறகு அந்தச் சைக்கிளை வித்துப்போடோணும். திரும்ப ஒருநாளும் நீங்கள் இந்தக் கதை எடுக்கக் கூடாது."

"ஓம்," என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் எவ்வளவு பெரிய ஓம் அது என்று யோசித்தேன்.

லண்டனுக்குத் தெற்கே இருக்கும் சுண்ணாம்பு மேடுகள் எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் அங்கே நல்ல வெயில் வந்தால் கார்களும் வந்துவிடும். எனவே வடக்கே பார்த்தேன். பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, நகரசபையில் நான் செய்யும் வேலைக்கு ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில், விடியவே சைக்கிளோடு ரயில் ஏறி டார்பிஷயருக்குப் போய் வந்தேன். நல்ல பாதைக்கு நான் வைத்திருக்கும் அடையாளம் எளிமையானது. தார் ரோட்டின் நடுவில் புல் முளைத்திருக்க வேண்டும். வண்டிச் சக்கரங்கள் இரண்டு ஓரங்களில் மட்டும், அதுவும் எப்போதாவதுதான் போகின்றன என்பதற்குப் புல்லைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்படிப்பட்ட துண்டுகளாகத் தேடி, ஒன்றோடொன்று பொருத்தி, ஒருநாள் ஓடக்கூடிய ஒரு வட்டத்தை உருவாக்கினேன்.

ஒரே ஓர் ஏற்றத்தில் நடுவில் புல் இல்லை. இரு பக்கமும் சாந்து வைக்காமல் கல் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள். அவற்றின் ஓரத்துச் செடிகளில் வெள்ளைத் தூள். ஆனால் அந்த ஏற்றத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அதை விட மனம் வரவில்லை. வரைபடத்தில் அருகே கல் அகழும் குவாரி ஒன்றின் குறி இருந்தது. அந்தப் பக்கத்துக் குவாரிகள் பல கைவிடப்பட்டவை என்று வாசித்திருந்தேன். மூன்று ஞாயிறுகள் அந்த வழியே ஏறியும் ஒரு வண்டியைக் காணவில்லை; உச்சியில் இருந்த குவாரி வாசலும் பூட்டியே கிடந்தது. 'இலையிலும் சுண்ணாம்பு, அழகு' என்று எழுதி வைத்தேன்.

மனைவிக்கு ஓய்வு கிடைத்தது மே மாதத்தில், செவ்வாயும் புதனும். நான் லீவு போட்டேன். கொட்டிலைத் திறந்து அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். திங்கள் மத்தியானம், அவளுடைய காலை ஷிப்ட் முடிந்ததும், டூட்டிங்கிலிருந்து ரயில் ஏறினோம். கூடைக்குள் மீன் ரோல்ஸ். டார்பிஷயரில் ஒரு சிறிய விடுதியில் தங்கி, செவ்வாய் காலை புறப்பட்டோம்.

முதல் சில மைல்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதை தானே பேசியது. மதிலுக்கு அப்பால் செம்மறிகள்; அவற்றின் மயிர் கம்பி வேலியில் பஞ்சாகத் தொங்கியது. மஞ்சள் பூக்கள் புல்வெளி முழுவதும் இறைந்து கிடந்தன. ஓரிடத்தில் எங்களோடு கூடவே வந்த ஓடை திடீரென்று காணாமல் போனது. கற்களுக்கு இடையே இறங்கித் தரைக்கடியில் ஓடுகிறது என்றேன். "எங்கட கேத்திலுக்குத்தான் போகுதாக்கும்," என்றாள். அவள் பிறந்த ஊர் மேசை மாதிரித் தட்டை. லண்டனில் ஓடிய தெருக்களும் ஏறக்குறைய அப்படியே. ஏற்றம் தொடங்குமுன் கியரைக் குறைக்க வேண்டும் என்பதைக்கூட அன்று காலைதான் பழகினாள்.

"ஏத்தம், இறக்கம், திரும்ப ஏத்தம். இந்த மலைக்கு என்ன வேணுமெண்டு மலைக்கே தெரியாது," என்று பின்னால் புறுபுறுத்தாள். ஆனால் இறங்கவில்லை. மூன்றாவது ஏற்றத்தில் என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டாள்.

பெரிய ஏற்றத்தின் அடியில் நின்று தண்ணீர் குடித்தோம். அவள் மதிலோரத்து முட்செடியின் இலை ஒன்றை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

"சுண்ணாம்பு. இந்தக் கல்லின்ர தூள்."

"கல்லு தானா எழும்பி வந்து இலையில ஏறி இருக்குமோ?"

நான் தண்ணீர்ப் போத்தலை மூடினேன்.

"நீங்கள் வந்து பாத்தது என்ன கிழமை?"

"ஞாயிறு."

"எல்லாத் தரமுமோ?"

"எல்லாத் தரமும்."

"ஞாயிற்றுக்கிழமை ஆரப்பா கல்லு உடைக்கிறது?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நோயாளியிடம் மருந்து எப்போது எடுத்தீர் என்று கேட்கும் குரலில் கேட்டாள். நாள் பார்த்து, மாதம் பார்த்து, பூப் பார்த்து எழுதியவன் கிழமையை மறந்துவிட்டேன்.

"திரும்புவம்," என்றேன்.

அவள் வந்த பாதையைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். "திரும்பினா இறங்கி வந்த இறக்கமெல்லாம் ஏத்தமா வரும். இது ஒண்டுதானே." கியரைக் குறைத்துவிட்டு ஏறத் தொடங்கினாள். நான் பின்னால் போனேன்.

பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் பாதையை நிறைத்துக்கொண்டு, கல் ஏற்றும் வெறும் லொறி ஒன்று வளைவைக் கடந்து வந்தது. முன்னால் இடது பக்கத்தில் வயலுக்குள் போகும் வாசற்கேற் ஒன்று இருந்தது. சைக்கிளோடு ஒருவர் ஒதுங்கப் போதிய இடம்.

"லொறி வருது," என்று கத்தினேன். "கேற்றடியில ஒதுங்கும்."

அவள் கேற்றைக் கடந்தாள். ஒதுங்கவில்லை. இடது ஓரமாக ஏறிக்கொண்டிருந்தவள் பாதையின் நடுவுக்கு வந்தாள்.

"நீங்களும் நடுவுக்கு வாங்கோ," என்றாள். மூச்சுக்கு இடையில் அவ்வளவுதான் வந்தது.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, வலது கையைத் தாழ நீட்டி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டினாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். வார்டில் சத்தம் போடும் உறவினர்களுக்கு அவள் காட்டும் கை. பொறுங்கள், உங்களையும் பார்ப்பேன், இப்போது இல்லை. லொறி வேகம் குறைந்தது. எஞ்சினின் உறுமல் தணிந்து ஒரு முனகலாயிற்று. அவளும் நானும் லொறியும் ஒருவர் பின் ஒருவராக, நடை வேகத்தில், அந்த மலையில் ஏறினோம். அவள் முதுகைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கின் அழகைக் காட்டத்தான் அங்கே கூட்டிப் போயிருந்தேன். அது எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அப்போது நினைவில்லை. இறங்கிவிடுவாள், இப்போது இறங்கிவிடுவாள் என்றே ஒவ்வொரு மிதிக்கும் எண்ணினேன். அவள் கால் நிற்கவில்லை.

உச்சியில் குவாரியின் வாசல் அன்று திறந்திருந்தது. பாதை அங்கே அகன்றது. அவள் இடப்பக்கம் ஒதுங்கி, போகலாம் என்று கை காட்டினாள். லொறி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நரைத்த தாடி வைத்த சாரதி கண்ணாடியை இறக்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லண்டன் என்றாள்.

அங்கே லொறிகள் இல்லையா என்று சிரித்தார்.

நிறைய இருக்கின்றன, உங்களைப் போலப் பொறுமையானவைதான் குறைவு என்றாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வாசலுக்குள் திரும்பினார். வெள்ளைப் புழுதி எழுந்து எங்கள் மீது படிந்தது.

மதிலில் சாய்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம்.

"ஏன் ஒதுங்கேல்லை?" என்று கேட்டேன்.

"பஸ்ஸின்ர மேல்தட்டில நான் சும்மா இருந்து போனனான் எண்டு நினைச்சீங்களோ? ஒன்றரை வருசமா அங்கயிருந்து சைக்கிள்காரரைத்தான் பாத்துக்கொண்டு போனனான். கரையோட ஒட்டிப் போறவையைத்தான் லொறி நெருக்கும். இடமிருக்கெண்டு நினைச்சுத் தாண்டப் பாக்கும். நடுவில போறவைக்குப் பின்னால நிண்டு ஹோர்ன் அடிக்கும், அவ்வளவுதான். அண்டைக்கு டூட்டிங்கில நான் கரையோட போனனான்."

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"பாக்கிறது வேற, ஓடுறது வேற. ஓடிப் பாக்காமல் சொன்னா நானும் அந்தக் கடைக்காரத் தம்பியும் ஒண்டெல்லோ."

ஒன்றரை வருடமாக அவள் பயந்துபோய் பஸ்ஸில் இருக்கிறாள் என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். பயம் உண்மைதான். அதற்கு மேல் அவள் செய்துகொண்டிருந்த வேலை எனக்குத் தெரியாது. நான் வாசித்த புத்தகங்களில் எதையும் அவளைப்போல அத்தனை கவனமாக வாசித்ததில்லை.

"அப்ப எங்கட கதை என்ன மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டேன். "லொறி வந்தா இறங்குவன் எண்டனீர்."

"இறங்கிட்டன்தானே," என்று கையிலிருந்த ரோல்ஸைக் காட்டினாள். "சாப்பிட இறங்கினனான்."

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சைக்கிள்களைக் கழுவித் துடைத்து வைப்பது என் வழக்கம். புதன் மாலை வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் எடுத்தேன். "என்ரையைக் கழுவாதேங்கோ," என்றாள். "கிடக்கட்டும்."

வியாழன் காலை அவளுக்கு ஷிப்ட். கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது பின்வளவுக் கொட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முன் அறை யன்னலுக்குப் போனேன். கூடை முதல் மட்காட் வரை வெள்ளை படிந்த சைக்கிளில் அவள் எங்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். இரு பக்கமும் கார்கள் நிறுத்திய குறுகலான தெரு. சரியாக நடுவில் போனாள். பின்னால் ஒரு பார்சல் வான், அவளுடைய வேகத்தில், தெருமுனை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.