உஷாராணியின் ஒரே நிபந்தனை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பெண் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆன பிறகும் பலருக்குப் பிடிக்கவில்லை. உஷாராணி அதைச் சட்டை செய்ததே இல்லை. ஈப்போ, கூச்சிங், மேடான், செபு, தோஹா என்று ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஓட வைத்தாள். சீனப் பிள்ளைகளைத் திட்டுவதற்காகவே கண்டனீஸ் மொழி கற்றுக்கொண்டாள். திட்டு நன்றாக வந்தது, மற்றதெல்லாம் சுமார்தான்.

எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அவளுக்கு ஒரே நிபந்தனை. களத்தில் யாரை இறக்குவது என்பதை அவள் மட்டுமே முடிவு செய்வாள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். அப்புறம் ஒரு நாள் யாராவது மூக்கை நுழைப்பார்கள். மேடானில் சங்கத் தலைவர் தன் மருமகளுக்காக வந்தார். தோஹாவில் மேலாளர் தன் தங்கைக்காக. உஷாராணி முடியாது என்பாள், பெட்டி கட்டுவாள். சுங்கை வேயில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கணவர் சபாபதி, ஏன் என்று கேட்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரணும் என்று மட்டும் கேட்பார்.

இந்த வருடம் கிள்ளான் கிளப்பின் பெண்கள் அணியை முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பாதி ஆட்டம் முடிந்தபோது அணி பின்தங்கியிருந்தது. எதிரணியின் உயரமான பெண்கள் கூடைக்கு அடியில் சுவர் மாதிரி நின்றார்கள். தூரத்திலிருந்து எறிய ஆள் வேண்டும். அதற்கென்றே பிறந்தவள் பெஞ்சில் இருந்த ஷாமினி. கணுக்கால் சுளுக்கு இப்போதுதான் ஆறியிருந்ததால், இரண்டாவது பாதியில் இறக்கலாம் என்று உஷாராணி அவளைப் பத்திரமாக உட்கார வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பார்வையாளர் வரிசையிலிருந்து கீழே இறங்கி வந்தார் ஷாமினியின் அப்பா, டத்தோ பட்டம் வாங்கிய பரமேஸ்வரன். லோரிக் கம்பெனி முதலாளி, கிளப்புக்குப் பணம் போடுபவர். அணியின் சட்டையில் இருப்பதே அவர் கம்பெனிப் பெயர்தான்.

“என்னா கோச், என் மக பெஞ்ச தேய்க்கவா வந்தா? இப்பவே இறக்குங்க. இல்லாட்டி நாளையிலேருந்து நீங்க வர வேணாம்லா.”

பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள்.

உஷாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கினால் பணத்துக்குப் பணிந்ததாக ஆகும். இறக்காவிட்டால் அப்பன் வாய்க்கு மகள் அனுபவிப்பாள். கழுத்தில் தொங்கிய கிளப் அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

“நாளைக்கு வரைக்கும் ஏன் டத்தோ? இப்பவே வேலைய விட்டுட்டேன். இந்த ஆட்டம் என் பிள்ளைங்களுக்காக ஓசியில. நீங்க மேல போய் ஒக்காருங்க.”

உஷாராணி திரும்பினாள்.

“ஷாமினி, எந்திரிச்சு வா.”

அவள் அசையவில்லை. “அப்பா சொன்னதுக்காகவா கோச்?”

“ஒங்கப்பாவால இனிமே என்னை ஒண்ணும் பண்ண முடியாது. அவர் சொல்லி நான் ஏன் ஒன்னை இறக்கணும்? நீ எறிஞ்சா விழும், அதான் கூப்பிடறேன்.”

ஷாமினி எழுந்தாள். எறிந்த முதல் பந்தே கூடையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. எதிரணிப் பயிற்சியாளர் வாய் ஓயாமல் கத்தினார். ஆனாலும் கிள்ளான் பெண்கள் ஒரு புள்ளியில் தோற்றார்கள். உஷாராணிக்குத் தோற்றதில் வருத்தம்தான், வேலையை விட்டதில் இல்லை.

பரமேஸ்வரன் அட்டையை நீட்டிக்கொண்டு வந்தார். “கோவத்துல சொன்னது கோச். பேசித் தீத்துக்கலாம்லா.”

உஷாராணி கையை நீட்டவில்லை. சபாபதிக்குப் போன் போட்டாள்.

“பெட்டிய எடுத்து வைங்க.”

“இப்ப எந்த ஊரு?”

“இன்னும் யாரும் கூப்பிடல. கூப்பிடுவாங்க.”