சிவராமன் சார் விட்டுவிட்ட சந்து

சிவராமன் சாருக்கு அமுதத்தின் மேல் பொறாமை வந்தது ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர், இரண்டாம் சந்து முனையில் போக வழியில்லாமல் ஸ்கூட்டரை நிறுத்தினார். சிமெண்ட் சாலையை அடைத்துக்கொண்டு முப்பது பேருக்கு மேல் குனிந்து நின்றார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். எட்டிப் பார்த்தால், தரையில் கோலமாவில் ஒரு படம். அவர்கள் குடியிருக்கும் செல்லம் நகரின் படம்.

படத்தின் நடுவில் உட்கார்ந்து மாவை இழுத்துக்கொண்டிருந்தவள் அமுதம். மூன்றாம் சந்தில் இருப்பவள். தோசைமாவு அரைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஊற்றிவிட்டுப் போவாள். அன்று காலை மாவு ஊற்றப் போன இடத்தில் இரண்டாம் சந்து ஷஃபீனா, "புதுசா வடிகால் கட்டப் போறாங்களாமே, எந்தப் பக்கமா வருதுக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வாயால் சொல்லிப் பார்த்துப் புரியவைக்க முடியாமல் அமுதம் தரையில் வரைந்து காட்டினாள். தொடங்கியது அவ்வளவுதான்.

கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. அளவு என்று ஒன்றே கிடையாது. மளிகைக்கடை பள்ளிவாசலைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் கூட்டம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. போன வருஷ மழையில் தண்ணீர் புகுந்த வீட்டுக்கெல்லாம் ஒவ்வொருவராக வந்து செங்கல்பொடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். "எங்க வீட்டுல முட்டி வரைக்கும் ஏறிச்சு, ரெண்டு புள்ளியா வையி" என்றார் ஒருவர். "உங்களுக்கு எங்க ஏறிச்சு, படியோட நின்னுடுச்சே" என்று இன்னொருவர் மறுத்தார். சண்டை, சிரிப்பு, மறுபடி சண்டை. நகரில் இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்று பேசி சிவராமன் பார்த்ததில்லை.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

காரணம் இருந்தது. சிவராமன் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக ஓவிய ஆசிரியர். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்களிக்கச் சொல்லும் படங்களைப் பேருந்து நிறுத்தச் சுவர்களில் வரைந்து கொடுப்பவர். அதற்காக வாங்கிய சான்றிதழ்கள் கூடத்தில் வரிசையாக மாட்டியிருந்தன. உள்ளாட்சித் தேர்தல் நடந்தே பல வருஷமாகிவிட்டதால் வார்டுக்கென்று உறுப்பினர் யாரும் இல்லை. அதனால் வடிகாலைப் பற்றி ஜனங்கள் நேரிலேயே வந்து கருத்துச் சொல்லலாம், கூட்டம் நடக்கும் என்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் சிவராமன் ரேஷன் கடைச் சுவரில் மூன்று நாள் நின்று ஒரு படம் வரைந்தார். வடிகால், இருபுறமும் புங்க மரங்கள், சைக்கிளில் போகும் சிறுமி. போகிற வருகிறவர்கள் "நல்லாருக்கு சார்" என்றார்கள். பிறகு அவர் கூட்டிய சங்கக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள்.

அந்த வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ராஜம் காப்பியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "நானும் போயி நம்ம கொல்லைப்பக்கம் ஒரு புள்ளி வெச்சிட்டு வந்தேங்க."

"அதெல்லாம் ஒரு படமா?" என்றார் சிவராமன். "நான் சுவத்துல வரைஞ்சிருக்கேனே, அது கண்ணுல படலையா உனக்கு?"

"அது அழகா இருக்குங்க. ஆனா அதுல நான் எங்க போயி புள்ளி வைக்கிறது?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சிவராமன் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

வானம் மூட்டமாக இருந்தது. ஆறு மணி வாக்கில் அமுதமும் ஷஃபீனாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"சார், தூத்தல் போட்டா அம்புட்டும் அழிஞ்சிரும்" என்றாள் அமுதம். "நீங்கதான் பேப்பர்ல எடுத்துப் போட்டுத் தரணும். எங்களுக்கு அந்தக் கை ஏது? அடுத்த வாரம் கூட்டத்துல கொடுக்கணும் சார்."

சிவராமனுக்கு அவள் கெஞ்சிக் கேட்டது பிடித்திருந்தது. சரி என்றார். உடனே போய்ப் படத்தைச் செல்போனில் நாலைந்து கோணத்தில் எடுத்துக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பெரிய சார்ட் தாளில் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். சந்துகளை அளவெடுத்து நேராக்கினார். வீடுகளுக்கு ஓட்டுநிறம், வாய்க்காலுக்கு நீலம், புள்ளிகளுக்குச் சிவப்பு. முதல் சந்தும் இரண்டாம் சந்தும் முடிந்து மூன்றாம் சந்துக்கு வந்தபோது கை நின்றது. அங்கே பதினோரு வீடு, பதினோரு புள்ளி. தாளின் கீழ் மூலையில் அத்தனையும் ஈசல் மொய்த்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு விழும். படத்தின் அழகே போய்விடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அது அமுதத்தின் சந்து என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வீடும் புள்ளியும் வைக்காமல், அந்த இடத்தில் பச்சையில் நாலு மரம் போட்டார். அதற்குக் கீழே 'சி. சிவராமன், ஓவிய ஆசிரியர்' என்று கையெழுத்திட்டார். பெண்களிடம் காட்டாமல், நேரே கொண்டுபோய் கொம்யூன் அலுவலக இளநிலைப் பொறியாளரிடம் கொடுத்தார்.

"அட, அச்சடிச்ச மாதிரி இருக்கே சார்!" என்றார் பொறியாளர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சிவராமன் நாலு நாள் சந்தோஷமாக இருந்தார்.

கூட்டம் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரையும் வரச் சொன்னது அமுதம்தான். ஒரு வாரமாக மாவு ஊற்றிய வீட்டிலெல்லாம் அதையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மண்டபத்தில் நுழைந்தவர்கள் எல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவதை சிவராமன் முன்வரிசையில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பொறியாளர் படத்தைப் பலகையில் மாட்டிவிட்டுப் பேசினார். "ஜனங்களே தண்ணி நிக்கிற இடத்தைக் குறிச்சுக் கொடுத்திருக்காங்க. அதன்படி வடிகால் முதல் சந்து, இரண்டாம் சந்து வழியா வந்து மெயின் ரோடு மதகுல சேரும்." கை தட்டினார்கள். சிவராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அமுதம் எழுந்தாள். "ஐயா, எங்க சந்து இதுல இல்லீங்களே?"

"மூணாம் சந்துல தண்ணி நிக்கிறதா குறிக்கலையேம்மா. நீங்க கொடுத்த படத்த வெச்சுத்தான் நாங்க போட்டோம்."

"நிக்கலையாவது! போன தடவ கட்டில் மேல அடுப்ப வெச்சில்ல சமைச்சோம்!"

எல்லோரும் சிவராமனைப் பார்த்தார்கள். அமுதமும் பார்த்தாள். பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி, "சார் மறந்திருப்பாருங்க. அம்புட்டு வீட்டையும் ஒரு ஆளா வரையிறதுன்னா லேசா?" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் சிவராமன் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். தன்னைக் காப்பாற்றும் இடத்திலும் அவளே நிற்கிறாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். அவர் எழுந்தார்.

"மறக்கல. வேணும்னுதான் விட்டேன்" என்றார்.

"ஏன் சார்?" என்று ஷஃபீனா கேட்டாள்.

"படம் நல்லா இருக்கணும்னு..." மீதியைச் சொல்ல அவருக்கு அன்று தைரியம் இல்லை.

"எங்க வூட்டுல தண்ணி பூந்தப்போ கைப்புள்ளைய மொட்டை மாடியில வெச்சுக்கிட்டு நின்னேன் சார். இந்தக்காதான் ஓடி வந்துச்சு. அதுக்கே வூடு இல்லாத மாதிரி மரத்த வரைஞ்சி வெச்சிருக்கீங்களே" என்றாள் ஷஃபீனா.

பொறியாளர் தன் பேனாவை நீட்டினார். மூன்றாம் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய், சிவராமன் வரைந்த மரங்களின் மேலேயே தங்கள் வீட்டைக் குறித்தார்கள். ஒருவர் வட்டம் போட்டார், ஒருவர் பெருக்கல் குறி போட்டார், அமுதம் அழுத்திப் புள்ளி வைத்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டார்கள். சிவராமனின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினால்தான் தெரியும்.

தை பிறந்து வேலை தொடங்கியது. மூன்று சந்துக்கும் வடிகால் வந்தது. கூட்டத்துக்குப் பிறகு வந்த மாதங்கள் சிவராமனுக்கு லேசாகக் கழியவில்லை. ஷஃபீனா தன் மூத்த மகளை அவரிடம் ஓவியம் படிக்க அனுப்புவதை நிறுத்திவிட்டாள். சங்கத்துக்குப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டு, அமுதத்தின் பெயரை முன்மொழிந்தார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். ராஜமும் தூக்கினாள். வாக்களிப்பது கடமை என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய சிவராமன், கையைத் தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, மடியிலேயே வைத்திருந்தார். வடிகால் செய்தியோடு பத்திரிகையில் அமுதத்தின் புகைப்படம் வந்த அன்று பேப்பரை மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். ராஜம் அதை எடுத்துப் படித்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தாள்.

வடிகால் வந்த பிறகு முதல் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் சிவராமன் குடையை எடுத்துக்கொண்டு மூன்றாம் சந்துக்குப் போனார். வடிகாலில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வாசல்கள் ஈரமாக இருந்தன, அவ்வளவுதான். அமுதம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க சார். நானே வரலாம்னு இருந்தேன். தெருவிளக்குக்கு மனு கொடுக்கணும். எங்கெங்க இருட்டுன்னு ஒரு படம் வேணும்."

"என்னை நம்பிக் கேக்குறியாம்மா?"

"ஒங்கள நம்பி எங்க கேக்குறேன்? நானும் கூடவே வருவேன். ஒவ்வொரு வீடா கேட்டுக் கேட்டுப் போடுவோம். முடிச்சதும் எல்லாருக்கும் காட்டிட்டுத்தான் அனுப்பறது."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்தார். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, அட்டையும் பென்சிலுமாக அவள் வாசலில் வந்து நின்றார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது அமுதம். திறந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவளிடம்தான் பேசினார்கள். சிவராமன் ஒவ்வொரு வாசலிலும் அதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் சொன்னதைச் சொன்ன இடத்தில் குறித்துக்கொண்டே போனார்.