புல் பையில் இரண்டு விரல்

ரோஸ்வித்தா டிட்மார் தன் ஆயுசில் அடித்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசை மாக்டெபுர்க் ரயிலடியில் தொடங்கி எல்ப் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகும் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பாலம் வரைக்கும்தான் போகும்.

கசாப்புக் கடையில் நாற்பத்தொரு வருஷம் நின்ற உடம்பு அது. ஒன்பது வயதில் அப்பாவுக்குப் பன்றியின் பின்னங்காலைப் பிடித்துக் கொடுத்தாள். பதினாறில் அந்தப் பன்றியின் பேரப்பிள்ளைகளைத் தானே வெட்டினாள். கல்யாணமான நாலாம் மாசம் புருஷன் ஓட்டோகார் சூப்பில் உப்பு இல்லை என்றான். அவள் கையில் அப்போது உறைந்துபோன வாத்து ஒன்று இருந்தது அவனுடைய கெட்ட நேரம். ஒரே போடு. தோள்பட்டை எலும்பு இரண்டு துண்டு. அந்த மனுஷன் அதற்கப்புறமும் இருபத்தாறு வருஷம் அவளோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தி, நிமோனியா வந்து செத்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வாத்து மேசைக்கு வரும்போதெல்லாம் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொள்வான்.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு. மூன்றாம் மாடியில் ஒன்றரை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் பல் மிஞ்சியிருக்காது. மிஞ்சியதற்குக் காரணம், ரயில் பாதையோரம், ஊர்க்காரர்களுக்குத் தோட்டம் போடத் துண்டு துண்டாக நிலம் குத்தகைக்கு விடும் நத்தைமூலைத் தோட்டக் காலனியில் அவள் எடுத்திருந்த நாற்பத்தேழாம் நம்பர் துண்டு. ஒரு மரக்குடில், அவரைப் பாத்தி, முட்டைக்கோஸ், நடுவில் புல்தரை. முப்பத்து நாலு வருஷமாகக் கோபம் தலைக்கேறினால் அங்கே போய் மண்ணைக் கொத்துவாள். மண் திருப்பி அடிக்காது, புகாரும் எழுதாது.

மனிதர்கள் எழுதினார்கள். காலனிச் சங்கத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. முதல் கடிதம், அவள் கீரைப்பாத்தியில் நாயை மூத்திரம் போக விட்டவனை மண்வெட்டியின் தட்டைப் பக்கத்தால் முதுகில் சாத்தியதற்காக. இரண்டாவது, பக்கத்துத் துண்டு எக்கெஹார்ட் லூடர்ஸ் விஷயம். மூன்றாவது வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். அடித்தால் போச்சு. அவ்வளவுதான் சங்கதி.

லூடர்ஸ் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். கால அட்டவணையைக் கொடுக்க மறந்துவிட்டார். காலனியில் தினம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம். யந்திரம் எதுவும் ஓடக்கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் லூடர்ஸ் சாய்வு நாற்காலியில் கடிகாரத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, யார் துண்டில் என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இதுவரை பதினேழு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஒருத்தி தும்மினவள்.

அவரிடம் ஒரு பெட்ரோல் புல்வெட்டி இருந்தது. கழுதை கத்துவது போலக் கத்தும். கைப்பிடியை விட்டால் யந்திரம் தானாக நின்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு அமைப்பு. அடிக்கடி நிற்கிறதே என்று அதை அவர் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார். மற்றவர்களுக்குத்தான் விதி. வெட்டிய ஈரப்புல்லைப் பை பையாகக் கொண்டுவந்து வேலியடியில் குவிப்பார். ஈரப்புல் குவியல் சும்மா இருக்குமா? உள்ளே கொதிக்கும். கையை விட்டால் சுடும். தான் அதில் முட்டை அவித்துத் தின்றதாக ரோஸ்வித்தா சொல்வாள், தின்றிருப்பாள். செத்த மாட்டு நாற்றத்தோடு ஒரு பச்சைச் சாறு அவளுடைய அவரைப் பாத்திக்குள் இறங்கும். பின்னாலேயே நத்தைகள் கல்யாண ஊர்வலம் மாதிரி வரும்.

"லூடர்ஸ் ஐயா, புல்லக் கொஞ்சம் கொஞ்சமா காய்ஞ்ச இலையோட கலந்து போடுங்க. இப்படிக் குமிச்சா அழுகத்தானே செய்யும்?"

"எனக்கு மண்ணு பாடம் எடுக்காதீங்க கசாப்பம்மா. நீங்க எலும்பு பாத்தவங்க."

அன்றைக்குத்தான் அவள் வேலியைச் சுற்றிப் போய், ஒரு பை நிறையச் சூடான புல்லை அவர் தலையில் கவிழ்த்து, அவரைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்தாள். தேவாலய மணி இரண்டு தரம் அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் "நீண்ட நேரம் அமர்ந்திருந்தார்" என்றே எழுதியிருந்தது.

அந்த ஜூன் மாசம் அவளுடைய மின்சாரப் புல்வெட்டி தன் வயரைத் தானே வெட்டிக்கொண்டு செத்தது. ரோஸ்வித்தா மூன்று அடி தள்ளிப் போய் முட்டைக்கோஸ் நடுவில் விழுந்தாள்; தலைமுடி இரண்டு நாள் நட்டுக்கொண்டு நின்றது. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தின் சோதனை நடை. தலைவி குண்டுலா மைவால்ட் புல்லின் உயரம் பார்க்க அளவுகோலோடு துண்டு துண்டாக வருவாள். வாரம் முழுக்க மழை, புல் முழங்காலைத் தேடியது.

வியாழக்கிழமை புது வெட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு தானாக ஓடும் ரோபோவைக் காட்டினார்.

"இது ராவும் பகலும் தானே வெட்டும்மா. நீங்க கால நீட்டிட்டு உக்காரலாம்."

"அந்தி நேரத்துல முள்ளெலி குறுக்க வந்தா?"

"அது… ஓரமா போயிடும்."

"ஓரமா போயிடுமா? எங்க காலனில போன வருஷம் மூணு முள்ளெலிய இது பிளந்து வச்சிருந்துச்சு. நாப்பது வருஷம் வெட்டினவ நான். என் கையால செத்த ஒவ்வொரு மிருகத்தையும் மூஞ்சியப் பாத்துத்தான் வெட்டினேன். மூஞ்சி பாக்காம வெட்டுறதுக்குப் பேரு வேலை இல்ல."

பெட்ரோல் யந்திரத்தைக் காட்டினார். அதைக் குப்புறக் கவிழ்த்து அடியில் இருந்த கத்தியை விரலால் தடவிப் பார்த்தாள். "இது எங்க வெட்டுது? உலக்கையால அடிச்சுக் கிழிக்குது. நுனி கிழிஞ்சா மறுநாள் புல்லு பழுத்துடும்."

மூலையில் தூசி படிந்து ஒரு கைவண்டி நின்றது. இரண்டு சக்கரம், நடுவில் உருளையாக வளைந்த ஐந்து கத்திகள். பெட்ரோலும் கிடையாது, வயரும் கிடையாது, தள்ளினால் வெட்டும். அவள் செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து உள்ளே நீட்டி உருளையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தாள் சத்தமில்லாமல் இரண்டாயிற்று. முன்கை ரோமத்தை நீட்டப் போனபோது கடைக்காரர் கத்தினார்.

"அம்மா, வேணாம்மா! இத வயசானவங்க தள்ள முடியாது. நீளமான புல்லுன்னா ரெண்டு தடவ, மூணு தடவ போகணும்."

"உங்கள ஒரு கையால தூக்கிட்டுப் போய் அந்த அலமாரி மேல வைக்கவா?"

கடைக்காரர் ரசீது எழுதினார்.

சனிக்கிழமை காலை மழை விட்டது. வெயிலில் புல் காயட்டும் என்று லூடர்ஸ் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து ஒரு மணி அடித்துவிட்டது. சரி, இனி மூன்று மணிக்குத்தான். பக்கத்திலும் அதே கதிதானே என்று நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

சர்… சர்… சர்…

எழுந்து வேலிமேல் எட்டிப் பார்த்தார். ரோஸ்வித்தா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். புல் பொடிப்பொடியாகப் பின்னால் விழுகிறது. நீளமாய் விழுந்ததை வாரி, வைக்கோலோடு கலந்து தன் குழியில் மெல்லிசாகப் பரப்புகிறாள்.

"டிட்மார் அம்மா! ஓய்வு நேரம்!"

"சத்தம் போடாதீங்க டிராம்காரரே. ஓய்வு நேரம்."

"புல்லு வெட்டுறீங்க!"

"விதியப் படிங்க. யந்திரம் ஓடக்கூடாதுன்னுதான் இருக்கு. இது எங்க ஓடுது? நான்தான் ஓடுறேன்."

லூடர்ஸ் குடிலுக்குள் போய் விதிப்புத்தகத்தை எடுத்து மூக்குக்கண்ணாடி வைத்துப் படித்தார். திரும்பப் படித்தார். அவள் சொன்னதுதான் இருந்தது. மணி இரண்டு நாற்பது. இன்னும் இருபது நிமிஷத்தில் குண்டுலா வருவாள். நாற்பத்தேழில் கம்பளம் மாதிரி தரை இருக்கும். நாற்பத்தெட்டில், பதினேழு பேரைப் பிடித்துக் கொடுத்தவனின் தரையில், காடு இருக்கும். அந்த மனுஷனால் அதைத் தாங்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் முன்னதாகக்கூட நிறுத்தத்தை விட்டுக் கிளம்பாதவர், ஓய்வு நேரத்தில் பெட்ரோல் யந்திரத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

கழுதை கத்திற்று. நூற்றுப் பன்னிரண்டு துண்டிலும் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அவமானத்தில் காது சிவக்க, ஓட்டமாகத் தள்ளினார். நீளப்புல், ஈரப்புல். நாலு வரிசை போவதற்குள், பின்னால் மாட்டிய பைக்குள் புல் வந்து விழும் வாயில் பச்சைக் கட்டி அடைத்துக்கொண்டது. யந்திரம் திணறியது. நிறுத்தினால் மறுபடி கயிறு இழுக்க வேண்டும், மறுபடி அந்தச் சத்தம். கைப்பிடிதான் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதே. குனிந்து, ஓடுகிற யந்திரத்தின் வாய்க்குள் வலது கையை விட்டுப் புல்லைப் பிடுங்கினார்.

கசாப்புக் கடையில் கேட்டிருந்த சத்தம் அது. ரோஸ்வித்தாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நடுவில் வேலி. ஆள் உயரத்துக்குப் பச்சைப் புதர். பறவை கூடு கட்டும் காலம், ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். அவள் கிளையை ஒடிக்கவில்லை. பத்தடி வேலியை வேரோடு நெஞ்சில் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். யந்திரத்தை ஒரே உதையில் கவிழ்த்தாள். அது மல்லாந்து, காற்றைக் கடித்துக்கொண்டே செத்தது. லூடர்ஸின் கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இருந்த இடத்திலிருந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை, சாய்வு நாற்காலி, விதிப்புத்தகம், எல்லாம் சிவப்பு.

ஏப்ரனைக் கழற்றிக் கையோடு சேர்த்து இறுக்கி அழுத்தினாள். லூடர்ஸ் எழுந்து ஓடப் பார்த்தார்.

"என் விரலு! விரலு! மூணு மணிக்கு வந்துடுவாங்க, எல்லாத்தையும் கழுவணும்…"

"படுங்க ஐயா. படுங்க."

அவர் இடது கையை வீசினார். கடிகாரம் அவள் உதட்டைப் பிளந்தது. ரோஸ்வித்தா ஒரு கணம் நின்றாள். மூன்றாவது கடிதம் கண்முன்னே வந்து போயிற்று, கூடவே அந்தச் சுவரும். பிறகு வலக்கன்னத்தில் ஒன்று, இடக்கன்னத்தில் ஒன்று விட்டாள். பன்றியே படுத்துவிடும் அறை.

"படுடா எக்கெஹார்ட்!"

முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். படுத்தார்.

அந்தக் கணம்தான் குண்டுலா மைவால்ட் அளவுகோலோடு வாசலில் வந்து நின்றாள், ஓய்வு நேரத்தில் யந்திரம் ஓட்டியது யார் என்று கேட்க. எதிரே வேலி இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், முகம் முழுக்க ரத்தத்தோடு ரோஸ்வித்தா லூடர்ஸின் கழுத்தில் முழங்காலை வைக்காத குறையாக உட்கார்ந்திருந்ததுதான்.

"ஐயோ! கொன்னுட்டியா?"

"இன்னும் இல்ல. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. போட்டுட்டு அந்தப் புல் பையக் கழட்டி மேசை விரிப்பு மேல கொட்டு. உள்ள ரெண்டு விரலு இருக்கு. தேடு."

"நானா?"

"அளவுகோல் பிடிச்ச கைதானே? தேடு!"

குண்டுலா வாந்தி எடுத்தாள், பிறகு தேடினாள். அரிசியில் கல் பொறுக்குவது போலப் பச்சைக் கூளத்தை விரித்து விரித்துப் பார்த்தார்கள், ஒருத்தி இரு கையாலும், இன்னொருத்தி ஒரு கையால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி மறு கையாலும். மோதிரவிரல் மோதிரத்தோடு முழுசாகக் கிடைத்தது. நடுவிரல் கைமாவாகத்தான் கிடைத்தது. முழுசைச் சுத்தமான துணியில் சுற்றி, ரொட்டி டப்பாவில் வைத்து மூடி, பியர் பாட்டில்களைக் குளிர வைத்திருந்த ஐஸ் வாளிக்குள் டப்பாவை இறக்கினாள் ரோஸ்வித்தா. ஆம்புலன்ஸ்காரர்கள் டப்பாவைக் கேட்டார்கள். அவள் வாளியையே கொடுத்துவிட்டாள், பியரோடு.

மோதிரவிரலைத் தைத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் காலனிக் கூடத்தில் கூட்டம். நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைகலப்பு விசாரணை என்றால் நத்தைமூலையில் அன்றைக்கு யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை. ரோஸ்வித்தா முன் வரிசையில், கையில் தோட்டத்துச் சாவி. கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது என்று வந்திருந்தாள்.

குண்டுலா கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "அறைஞ்சத என் கண்ணால பாத்தேன். ரெண்டு. விதிப்படி நான் கேட்டுத்தான் ஆகணும். லூடர்ஸ் ஐயா, அவங்க உங்கள அடிச்சாங்களா?"

லூடர்ஸ் கட்டுப்போட்ட கையோடு எழுந்தார். விதியைப் பற்றி அவர் பொய் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"அடிச்சாங்க."

ரோஸ்வித்தா சாவியை மேசையில் வைத்தாள்.

"நான் கேட்டுக்கிட்டதால அடிச்சாங்க," என்றார் லூடர்ஸ்.

"என்னன்னு கேட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். முகம் பீட்ரூட் ஆயிற்று. பழக்கமில்லாத வேலை.

"'கொஞ்சம் பலமா'ன்னு கேட்டேன்."

கூடம் அதிர்ந்தது. குண்டுலா சிரிப்பை அடக்கியதில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. அடித்த குற்றம் தள்ளுபடி. ஓய்வு நேரத்தில் யந்திரம் ஓட்டியதற்கு லூடர்ஸுக்கு முதல் கடிதம். கூடு கட்டும் காலத்தில் வேலியைச் சாய்த்ததற்கு ரோஸ்வித்தா புதிய வேலி நட வேண்டும், இலையுதிர் காலத்தில்.

அக்டோபரில் நட்டாள். முழங்கால் உயரக் கன்றுகள், ஆள் உயரம் வளர ஆறு வருஷமாவது ஆகும். அவள் குழி தோண்ட, லூடர்ஸ் மறுபக்கம் மண்டியிட்டு ஒவ்வொரு கன்றாக நிமிர்த்திப் பிடித்தார், மடங்காத மோதிரவிரலை நீட்டிக்கொண்டு.

"அதுவரைக்கும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணுமா கசாப்பம்மா?"

"சுவர விடப் பரவாயில்ல," என்றாள் ரோஸ்வித்தா. "செடிய நேராப் பிடி. இல்லேன்னா அடி விழும்."

"மெதுவா," என்றார் லூடர்ஸ். "இந்தத் தடவ மெதுவான்னு கேட்டுக்கிறேன்."