வேலியோரத்து எறும்புகள்

சேக்காட்டில் கழனி வேலை செய்த காலம் வரை அப்பா கேழ்வரகுக் கூழும் பச்சை மிளகாயும் தின்று முருங்கைக்காய் மாதிரி இருந்தார். பிறகு ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேன்டீனில் போண்டா, சர்க்கரை தூக்கலாக டீ, வீட்டில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. சீக்கிரமே தொந்தி விழுந்தது. தெருவே அதைக் கொண்டாடியது.

"இன்னா அண்ணாத்தே, ஆபீசர் கணக்கா கீறியே!"

அம்மா செவ்வாய்தோறும் அவரை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

அப்புறம் அந்த உடம்பு வற்றத் தொடங்கியது. சட்டை தொளதொளத்தது. சொம்பு சொம்பாகக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கண்ணு பட்டுப்போச்சு என்று அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். உடம்பைத் தேற்ற ஜாங்கிரியும் அல்வாவும் வந்தன. இன்றைக்கும் ஜாங்கிரியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் காலை கொல்லை வேலியோரம், அப்பா மூத்திரம் பெய்கிற இடத்தில், எறும்புகள் கறுப்பாக மொய்த்துக்கிடந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயோ, ஊட்டுக்குள்ள பூந்துடப் போவுது!"

உள்ளே ஓடினாள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே சர்க்கரை டப்பாவைப் பத்திரமாக வைத்தாள். வைக்குமுன், இளைத்துப்போன மனுஷனாயிற்றே என்று, அப்பாவின் டீயில் இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள்.