விளக்கடியில் ஒரு பாயின்செட்டியா

போன புதன்கிழமை காலை அஞ்சலை என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் ட்ரியோலே ஊரில் எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். புருஷன் சின்னப்பன், இரண்டு துண்டு நிலத்தில் கரும்பு போடுகிறவன். வந்தவள் கும்பிடவில்லை, உட்காரவில்லை.

"ஐயா, நீங்க எழுதிக் குடுத்த காயிதம் பொய் சொல்லுது."

சர்க்கார் தோட்ட ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தச் செடியை எப்போது வெட்ட வேண்டும், எந்த மனுவை எந்த மேஜையில் வைக்க வேண்டும் — தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். என் காகிதம் பொய் சொல்கிறது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

அது என்ன காகிதம்? சொல்கிறேன்.

பாயின்செட்டியா செடியைப் பார்க்காதவர்கள் இந்தத் தீவில் இருக்க முடியாது. உச்சி இலைகள் ரத்தச் சிவப்பாக மாறும். அதைத்தான் பூ என்கிறோம். நம் வேலிகளில் அது ஜூன் மாதம் சிவக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இங்கே அப்போதுதான் பகல் குறுகி இரவு நீள்கிறது. நீளமான இருட்டு கிடைக்காவிட்டால் அந்தச் செடி சிவக்காது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஆனால் கிராண்ட் பே கடற்கரை பங்களாக்களின் வெள்ளைக்கார மாதாம்களுக்கு அது கிறிஸ்துமஸுக்குச் சிவந்தாக வேண்டும். பிரான்ஸில் அப்படியாம்! இங்கேயோ டிசம்பரில்தான் பகல் மிக நீளம். என்ன செய்வது? சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டியின் மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டும். இரண்டு மாதம், ஒரு நாள் தவறாமல்.

அப்படி ஒரு பங்களாவில் பெட்டி கவிழ்த்தவள் அஞ்சலையின் மகள் பாக்கியம். பதினெட்டு வயது. இருட்டைக் கூலிக்குச் செய்து கொடுத்தவள் என்று சொல்லலாம்.

கிறிஸ்துமஸ் முடிந்தது. புது வருஷம் பிறந்து பத்து நாளில் மாதாமுக்குச் சிவப்பு அலுத்துவிட்டது. குப்பையில் போடச் சொன்னாள். பாக்கியம் போடவில்லை. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்றாள். கொளுத்தும் ஜனவரி வெயிலிலும் சேலைத் தலைப்பை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

"மிஸ்யே, இது மறுபடி செவக்குமா?" ஐயாவை இங்கே மிஸ்யே என்பார்கள்.

"ஏன் சிவக்காது? முறையாகச் செய்தால் சிவக்கும்."

"எனக்கு முறை தெரியாதே. மூடத்தான் தெரியும்."

ஓய்வு பெற்ற குமாஸ்தாவிடம் முறை கேட்டால் விடுவானா? ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இலை உதிரும்வரை தண்ணீரைக் குறை. மூன்று கணு விட்டு வெட்டு. வெட்டிய இடத்தில் பால் வடியும், சாம்பல் வை. மண்ணை மாற்று. மார்ச்சில் நுனி கிள்ளு. கடைசியாக ஒரு வரி — நம் ஊர் ஜூனுக்குப் பெட்டி வேண்டாம், இரவே போதும்.

பிப்ரவரி முதல் வாரம் பாக்கியம் காய்ச்சலில் செத்துப்போனாள்.

இப்போது ஜூலை. நான் போனபோது சின்னப்பன் வாசல்படியில் உட்கார்ந்து கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மிஸ்யே. வேலியில கெடக்கறதப் பார்த்தீங்களா? ஒருத்தன் தண்ணி ஊத்தல, ஆடு வேற கடிக்குது... செவந்து நிக்குது. உள்ள ஒண்ணு ராணி மாதிரி குந்திகிட்டு இருக்கு. பச்சை!"

"நீ வாய மூடு," என்றாள் அஞ்சலை. என் பக்கம் திரும்பினாள். "அவளுக்குக் கோவம் தீரல ஐயா. அதான் செவக்கல."

"யாருக்கு?"

"பாக்கியத்துக்கு. மேல் சுடுதும்மான்னு சொன்னா. நான்தான், விருந்தாளிங்க இன்னும் போகல, மாதாம் கோவிச்சுக்கும், இன்னும் ஒரு வாரம் போயிட்டு வாடின்னு அனுப்பி வெச்சேன். அந்த ஒரு வாரம்தான்... செடி செவந்தா என்ன மன்னிச்சிட்டான்னு வேண்டிகிட்டேன்."

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். விசாரணை நடத்தினேன்.

"எத்தனை கணு விட்டு வெட்டினாய்?"

"மூணு. அவ படிச்சுக் காட்டினா."

"பால் வடிந்ததற்கு?"

"அடுப்புச் சாம்பல்."

"மண் மாற்றினாயா? நுனி?"

"எல்லாம் ஆச்சு ஐயா."

எல்லாம் சரி. எங்கள் தோட்டத்து ஆட்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வீடு முழுக்க ஒரே அறை. மூலையில் செடி — கொழுகொழுவென்று, கரும்பச்சையாக. அதற்கு ஒரு முழம் மேலே, சுவர் மாடத்தில் ஒரு எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு.

"இது எப்போதிலிருந்து எரிகிறது?"

"அவளக் கெடத்தின எடம் இல்லியா ஐயா. எடுத்த அன்னிக்கு ஏத்துனது. பதினாறாம் நாளோட போதும்னாங்க. எனக்கு மனசு வரல. வருஷம் திரும்பற வரைக்கும் அணையாது."

அந்தச் செடிக்குப் பிப்ரவரியிலிருந்து இரவே வரவில்லை.

இரவே போதும் என்று எழுதியவன், அந்த வீட்டில் இரவு இருக்குமா என்று யோசிக்கவில்லை. விளக்கைப் பற்றிச் சொன்னேன், இருட்டைப் பற்றிச் சொன்னேன். அணைக்க வேண்டாம், சட்டியை வெளியே வைத்தால் போதும் என்றேன். ஆடு தின்றுவிடும் என்றாள். அப்படியானால் சாயங்காலம் ஒரு பெட்டி... என்று ஆரம்பித்தேன். சின்னப்பன் அதற்குள் எழுந்துபோய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அஞ்சலை குறுக்கே நின்றாள்.

"அவளப் பொட்டியில வெச்சு ஒரு தரம் மூடியாச்சு. இன்னொரு தரம் என்னால ஆகாது."

சின்னப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கத்தியைத் தீட்டப் போனான்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அப்ப கோவம் இல்லியா ஐயா?"

"செடிக்கு ஏது கோபம், அஞ்சலை? விளக்குதான் காரணம்."

"நான் செடியக் கேக்கல."

அதற்கு என்னிடம் முறை இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து அந்த ஜனவரிப் பகல்தான் நினைவில் நிற்கிறது. பாக்கியத்தின் பற்கள் தந்தியடித்தன. இடுப்பிலிருந்த சட்டி ஆடியது. பார்த்தேன். சட்டியைக் கீழே வை, வேர் அசையும் என்று சொன்னேன். காய்ச்சலுக்குக் குவினின் எங்கே கொடுப்பார்கள், டிஸ்பென்சரி எந்தக் கிழமை திறக்கும், யாரைப் பிடித்தால் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் — அதுவும் எனக்கு மனப்பாடம். அவள் செடியைப் பற்றிக் கேட்டாள். செடியைப் பற்றிச் சொன்னேன். மனுவில் கேட்காததற்குப் பதில் எழுதக் கூடாது என்பது முப்பது வருடப் பழக்கம்.

அஞ்சலைக்காவது மன்னிப்புக் கேட்க ஒரு செடி இருக்கிறது.